வெள்ளத்தில் போன மாட்டுக்கு நிவாரணம்: ஆரணி ஆற்றங்கரையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

திருவள்ளூர் மாவட்டத்து ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சென்ற மழையில் பிச்சாட்டூர் ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டு ஆரணி ஆறு கரைபுரண்டபோது, ஒரே இரவில் அவருடைய இரண்டு கறவை மாடுகளும் ஒரு கன்றும் ஏழு செம்மறி ஆடுகளும் போய்விட்டன. ஒரு மாடு மறுநாள் கருவேல முள்ளில் சிக்கிக் கிடைத்தது. இன்னொரு மாடும் கன்றும் கிடைக்கவே இல்லை. ஆடுகள் எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தின் நாகலாபுரம் பக்கம், மைத்துனருடைய கழனியில் கிடை போட்டிருந்தவை. அவற்றில் நான்கின் உடல்கள் கிடைத்தன. எந்த அரசிடம் கேட்பது, எவ்வளவு கிடைக்கும், உடல் கிடைக்காத மாட்டுக்கு வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள். இந்த எல்லை வட்டாரத்தில் கால்நடை உதவி மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசு தருவது நிவாரணம், இழப்பீடு அன்று. இழப்பீடு என்றால் போன பொருளின் மதிப்பைக் கணக்கிட்டு அதை ஈடுகட்டுவது. நிவாரணம் என்பது, பேரிடரில் அடிபட்ட குடும்பம் மறுபடி எழுந்து நிற்பதற்காக, மாட்டின் விலை எதுவாக இருந்தாலும் ஒரே அளவாகக் கொடுக்கப்படும் உதவி. நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பினத்துக்கும், கன்றுக்கு ஊட்டிய பிறகு இரண்டு லிட்டர் மிஞ்சும் நாட்டு மாட்டுக்கும் ஒரே தொகைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், 'என் மாடு எழுபதாயிரம் பெறும்' என்று வாதாடி ஒரு பகலை இழந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு இடம் காப்பீட்டில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பணம் வருவது, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் அமைக்கப்பட்ட மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. தமிழ்நாடு, ஆந்திரம் போன்ற மாநிலங்களில் அந்த நிதியில் நான்கில் மூன்று பங்கு ஒன்றிய அரசுடையது. ஒரு பங்கு மாநில அரசுடையது. எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற அளவுகளை ஒன்றிய உள்துறை அமைச்சகம் வகுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்கும் வகுக்கப்பட்ட அளவின்படி, பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய். செம்மறி ஆடு, வெள்ளாடு, பன்றி ஒன்றுக்கு 4,000 ரூபாய். உழவு மாடு, வண்டி மாடு, குதிரை போன்றவற்றுக்கு 32,000 ரூபாய். கன்று, கழுதை, கோவேறு கழுதைக்கு 20,000 ரூபாய். கோழிக்கு 100 ரூபாய், அதுவும் ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேற்படாமல். இதற்கு முந்தைய அளவில் பசுவுக்கு 30,000 ரூபாயும் ஆட்டுக்கு 3,000 ரூபாயும் இருந்தன. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, பசு, எருமைக்கு 30,000 ரூபாயை 37,500 ஆகவும் ஆட்டுக்கு 3,000 ரூபாயை 4,000 ஆகவும் உயர்த்தி அறிவித்தது. 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் இந்த அளவில்தான் அறிவிப்பு வந்தது. இந்த அளவுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி எழுதப்படுபவை. ஆகவே, உங்கள் இழப்பு நடந்த நாளில் நடப்பில் இருந்த அரசாணை எது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாடு போனால் மாட்டை மட்டும் சொல்வார்கள். கூடவே போன கன்றைச் சொல்லமாட்டார்கள். பால்குடிக் கன்றுக்கெல்லாம் பணம் கேட்பதா என்ற கூச்சம். விதியில் கன்று உழைக்கும் விலங்குகளின் வரிசையில் 20,000 ரூபாய்க்கு எழுதப்பட்டிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் கன்றைக் குறிப்பிட்டது நல்லது. விண்ணப்பத்திலும் மறவாமல் தனி வரியில் எழுதுங்கள்.

உச்சவரம்பும் உண்டு. ஒரு குடும்பம் எத்தனை இழந்தாலும், பெரிய கறவை விலங்கு மூன்று அல்லது சிறிய கறவை விலங்கு முப்பது அல்லது உழைக்கும் விலங்கில் பெரியது மூன்று அல்லது சிறியது ஆறு என்ற எல்லைக்குள்தான் கணக்கு. இங்கே உங்களுக்கு ஒரு சிக்கல் வரலாம். விதியில் உள்ள சொல் 'அல்லது' என்பது. உங்களுக்கு மாடும் போயிருக்கிறது, ஆடும் போயிருக்கிறது. சில அலுவலர்கள் மாட்டுக்குக் கொடுத்தால் ஆட்டுக்கு இல்லை என்று சொல்லக்கூடும். மூன்று மாட்டுக்கு முப்பது ஆடு ஈடு என்று விதியே வைத்திருப்பதால், ஒரு மாட்டுக்குப் பத்து ஆடு என்ற கணக்கில் இரண்டு மாடும் ஏழு ஆடும் அந்த வரம்புக்குள் அடங்கும் என்பது என் கருத்து. அலுவலர் ஏற்பாரா மாட்டாரா என்று நீங்களே முன்கூட்டி முடிவுசெய்து ஆடுகளை விட்டுவிடாதீர்கள். எழுதியதைத்தான் அவர் குறைக்க முடியும்; எழுதாததை யாரும் சேர்க்கமாட்டார்கள். உங்கள் விஷயத்தில் மாடுகள் ஒரு மாநிலத்திலும் ஆடுகள் இன்னொரு மாநிலத்திலும் போயிருப்பதால் இந்தக் கேள்வி எழாமலே போகவும் கூடும்.

இந்த உதவி விதியில் சிறு, குறு விவசாயிகளுக்கானது என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதைப் படித்துவிட்டு, 'எனக்குப் பட்டா நிலமே இல்லை, ஆகவே நான் விவசாயி இல்லை' என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் உண்டு. ஆடு மாடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள் என்பது அலுவலர்களுக்கும் தெரியும். நிலம் இல்லை என்பதற்காக மனுக் கொடுக்காமல் இருக்காதீர்கள்.

எந்தச் சாவுக்கு இந்தப் பணம் உண்டு என்பதிலும் குழப்பம் நிறைய. புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, குளிர் அலை என்று விதியில் பெயர் சொல்லப்பட்டவை உள்ளன. இவை தவிர, மாநிலம் தன் பகுதிக்கே உரிய இடர்களுக்கு நிதியில் பத்து விழுக்காடு வரை பயன்படுத்தலாம். மின்னல் தாக்கி மாடு இறந்தால் நம் மாநிலத்தில் நிவாரணம் கொடுப்பது அந்த வழியில்தான். அறுந்து விழுந்த மின்கம்பியை மிதித்து இறந்த மாட்டுக்கு வழி வேறு. அதற்கு மின்வாரியத்திடம் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொண்டை அடைப்பான், துள்ளுமாரி போன்ற நோய்களில் இறக்கும் கால்நடையை வெள்ளச் சாவு என்று நிறுவுவது மிகக் கடினம். ஈரத்தில் நின்று, அழுகிய புல்லைத் தின்று, தடுப்பூசி இல்லாமல் இறந்த ஆடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் தப்பிய மந்தையை நோயில் இழந்து, அதற்கு ஒரு ரூபாயும் பெற முடியாமல் நின்றவர்களைக் கண்டபோதெல்லாம் எனக்கு ஏற்பட்ட வருத்தம் சிறிதன்று. பறவைக் காய்ச்சலில் இறந்த கோழிகளுக்கும் இந்த நிதியில் இடமில்லை. அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது.

இனி எல்லைக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் இரு மாநில எல்லை மாற்றி அமைக்கப்பட்டபோது திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் போயின. குடும்பங்கள் அப்படிப் பிரியவில்லை. ஆந்திரப் பக்கத்துச் சுருட்டப்பள்ளிக் கோயிலில் பிரதோஷம் பார்த்துவிட்டு நடந்தே ஊத்துக்கோட்டைக்கு வந்துவிடலாம்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் நடக்கின்றன; மாடும் ஆடும் புல் இருக்கும் பக்கம் போகின்றன. சட்டம் மட்டும் அந்தக் கோட்டில் நின்றுவிடுகிறது. என் பணிக்காலத்தில் நான் கண்ட நடைமுறை இது: கால்நடை எந்த வருவாய்க் கிராமத்தில் இறந்ததோ, அந்தக் கிராமத்தின் அலுவலர்தான் வந்து பார்த்துச் சான்று தர முடியும். தன் எல்லைக்கு வெளியே நடந்த சாவை எந்தக் கிராம நிர்வாக அலுவலரும் சான்றளிக்க மாட்டார், அளிக்கவும் கூடாது. ஆகவே மாடுகளுக்கும் கன்றுக்கும் தமிழ்நாட்டில் கேளுங்கள். நாகலாபுரத்தில் கிடை போட்டிருந்த ஆடுகளுக்கு ஆந்திரத்தில் கேளுங்கள். ஒரே ஆட்டை இரண்டு பக்கமும் எழுதினால் இரண்டும் போய்விடும், பெயரும் கெடும்.

ஆந்திரப் பக்கத்தில் நாகலாபுரம், பிச்சாட்டூர், சத்தியவேடு மண்டலங்கள் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே கிராமச் செயலகத்தில் (சச்சிவாலயம்) மனுக் கொடுக்கலாம். முன்பு ரைத்து பரோசா கேந்திரம் என்று இருந்து இப்போது ரைத்து சேவா கேந்திரம் என்று பெயர் மாறியிருக்கும் விவசாயிகள் சேவை மையத்தில் கால்நடை உதவியாளர் இருப்பார். அவரை முதலில் பிடியுங்கள். வாய்ப்பேச்சுக்குத் தமிழ் போதும், எழுத்துக்குத் தெலுங்கு வேண்டியிருக்கும். ஆடுகள் உங்களுடையவை, கழனி மைத்துனருடையது என்பதால், 'இவருடைய ஆடுகள் இந்த நாள் முதல் என் நிலத்தில் கிடை போட்டிருந்தன' என்று மைத்துனர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் அவசியம். ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருப்பவருக்கு அங்கே தயக்கம் காட்டலாம். அப்படித் தயங்கினால், அந்தக் கடிதத்தையும் அக்கம்பக்கத்தார் இருவருடைய வாக்குமூலத்தையும் வைத்து மண்டலத் தாசில்தாரிடம் நேரில் சொல்லுங்கள்.

தொகையும் இரு பக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றிய அளவுக்கு மேல் ஒரு மாநிலம் தன் சொந்தப் பணத்தைச் சேர்த்து அறிவிக்கலாம். 2024 செப்டம்பரில் விஜயவாடா வெள்ளத்தின்போது ஆந்திர அரசு கறவை மாட்டுக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்தது. அதைக் கேள்விப்பட்டு, நமக்கும் ஐம்பதாயிரம் என்று இந்தப் பக்கம் எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்தப் பேரிடருக்கு, அந்த மாநிலம் தானாக அறிவித்த தொகை.

இப்போது, எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். பணம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் மாடு இறந்த முதல் ஒரு நாளில் முடிவாகிவிடுகிறது. அந்த ஒரு நாளில் மூன்று பேர் கண்ணில் சடலம் பட வேண்டும்: கிராம நிர்வாக அலுவலர், கால்நடை மருத்துவர், அண்டை வீட்டார். மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று எழுதுவார். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தருவார். அது வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். அங்கே அனுமதியானால் பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சடலம். அது புதைந்துவிட்டால் மற்றக் கண்ணிகள் எல்லாம் காற்றில் தொங்கும்.

பள்ளிப்பட்டுப் பக்கம், கொசஸ்தலை ஆற்றங்கரையில் நடந்தது இது. கிருஷ்ணாபுரம் அணை திறந்த மறுநாள் மாலை, தண்ணீர் இன்னும் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. வயதான ஓர் அம்மாவின் எருமை, சீமைக் கருவேலப் புதரில் தலை மாட்டிக் கிடந்தது. வயிறு உப்பி, தோல் பறைபோல் விறைத்திருந்தது. கயிறு கட்டி நான்கு பேர் கரைக்கு இழுத்தார்கள். காதில், அடையாள எண்ணுக்காக மாட்டும் மஞ்சள் வில்லை இருந்தது; சேறு அப்பி எண் தெரியவில்லை. அந்த அம்மாவே முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் நான் பன்னிரண்டு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்; கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொன்றாக எழுதி, மறுபடி எனக்குப் படித்துக் காட்டினார். மூச்சுக்குழாயைத் திறந்தபோது வெண்ணுரை. நுரையீரலைக் கீறியபோது மணலும் வண்டலும். உயிரோடு இருக்கும்போதே தண்ணீருக்குள் போன விலங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அன்று இரவே சான்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் பணம் வந்தது.

அதே வெள்ளத்தில், சிறிது தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் (பெயரைச் சொல்லவில்லை), மூன்று மாடுகளை இழந்த ஒரு குடும்பம் மருத்துவருக்காக ஒன்றரை நாள் காத்திருந்தது. சாலை அறுந்துபோனதால் யாரும் போய்ச் சேர முடியவில்லை. நாற்றம் தாங்காமல் ஊரார் சொல்ல, அவர்கள் மூன்றையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். புகைப்படம் எடுக்கவில்லை, வில்லையை வெட்டி வைக்கவில்லை, பஞ்சாயத்துத் தலைவரிடம்கூடச் சொல்லி வைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது புது மண்மேடு மட்டும் இருந்தது. அதற்குள் எத்தனை மாடு, யாருடைய மாடு, எப்படி இறந்தது என்று நான் எதைப் பார்த்துச் சான்று எழுதுவது? அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் என்னால் கையொப்பமிட முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. தாமதம் எங்கள் பக்கத்தில்தான். இழப்பு மட்டும் அவர்கள் பக்கம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த மண்மேடு என் மனத்தில் இருக்கிறது. இப்படி விரிவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, யாரும் வர முடியாத நிலையில் புதைத்தே ஆக வேண்டுமென்றால், இதைச் செய்யுங்கள். கைப்பேசியில் சடலத்தை முழுதாக ஒரு படம், முகத்தை ஒரு படம், காது வில்லை எண் தெரியும்படி ஒரு படம், பின்னணியில் உங்கள் வீடோ கோயிலோ தெரியும்படி ஒரு படம் எடுங்கள். காது வில்லையைக் காதோடு சேர்த்து வெட்டி உப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் தொலைபேசியில் சொல்லி, அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, கால்நடை அவசர ஊர்தி எண் 1962. ஆந்திரத்திலும் கால்நடை ஊர்திக்கு 1962தான். குழி ஆறடி ஆழம் இருக்கட்டும், கிணற்றுக்கும் ஏரிக்கும் எட்டத்தில். மேலே சுண்ணாம்பு போடுங்கள். புதைக்கும்போது ஊரில் நாலு பேர் உடனிருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: வெள்ளத்துக்குப் பின் திடீரென்று இறந்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம்; அதை யாரும் வெட்டக்கூடாது, தோலுரிக்கக்கூடாது, காதையும் அறுக்கக்கூடாது. அது மனிதருக்கும் தொற்றும். மருத்துவரே அதை அறுத்துப் பரிசோதிக்க மாட்டார். இரத்தத் துளியை மட்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்.

கிடைக்காத மாட்டுக்கும் கன்றுக்கும் வருகிறேன். இதுதான் உங்கள் கேள்விகளில் கடினமானது. சடலம் இல்லாமல் பிரேதப் பரிசோதனை இல்லை. ஆனால் இழப்பை உறுதிசெய்யும் பொறுப்பை மாநில அரசு நியமிக்கும் தகுதியுள்ள அலுவலரிடம்தான் விதி விட்டிருக்கிறது. ஆகையால், இப்படி ஒரு மாடு இருந்தது, வெள்ளத்துக்குப் பின் இல்லை என்று அவருக்கு ஐயமில்லாமல் காட்ட முடிந்தால் வழி இருக்கிறது. இருந்தது என்பதைக் காட்டுவதுதான் இங்கே பெரிய வேலை. என் அனுபவத்தில், மிக வலுவான சான்று பால் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேடு. நீங்கள் ஆவின் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர் என்றால், வெள்ளத்துக்கு முந்தைய மாதம் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், வெள்ளத்துக்குப் பின் எத்தனை என்று சங்கச் செயலாளரிடம் எழுதி வாங்குங்கள். பதினெட்டு லிட்டர் ஊற்றிய வீடு மறுநாள் முதல் ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்றால் அந்த எண்ணே பேசும். அடுத்தது கோமாரித் தடுப்பூசிப் பதிவு. 2019 முதல் நடக்கும் தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தடுப்பூசி போடும்போது காது வில்லை மாட்டி, எண்ணை உரிமையாளர் பெயரோடு கணினியில் பதிவுசெய்கிறார்கள். காணாமற்போன மாட்டின் காதில் கடைசியாக வில்லை இல்லாமல் இருந்திருந்தாலும், முன்பு எப்போதாவது போட்டுப் பின்பு அறுந்து விழுந்திருக்கலாம். உங்கள் பெயரிலோ கைப்பேசி எண்ணிலோ பதிவு இருக்கிறதா என்று மருந்தகத்தில் தேடச் சொல்லுங்கள். சினை ஊசி போட்ட சீட்டு, கன்று ஈன்ற பதிவு, மாடு வாங்கிய வங்கிக் கடன் ஆவணம், திருமணத்திலோ பொங்கலிலோ மாட்டோடு எடுத்த புகைப்படம்கூட உதவும். மாட்டுப்பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி நிறுத்தி எடுத்த ஒரு படத்தை வைத்து ஒரு குடும்பத்தின் மனு ஏற்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மழை வருவதற்கு முன்பே செய்யக்கூடியது, காப்பீடு. தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் 2024 பிப்ரவரியில் செய்த மாற்றத்தின்படி, உரிமையாளர் கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுக் கட்டணத்தில் 15 விழுக்காடு மட்டுமே. மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. காப்பீட்டில்தான் மாட்டின் உண்மையான விலை பேசப்படுகிறது. அங்கே வில்லை இல்லையேல் பணம் இல்லை. ஆகவே வில்லை அறுந்தால் அன்றே சொல்லி மறுவில்லை போட்டுக்கொள்ள வேண்டும். ஆடு வளர்ப்பவர்கள் காப்பீட்டுப் பக்கமே வருவதில்லை என்பது எனக்கு வெகுநாளைய கவலை. திருவள்ளூர் வட்டாரத்தின் சென்னைச் சிவப்புச் செம்மறியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறவர்கள் இவர்கள். மந்தை முழுவதும் ஓர் ஓடையில் போய்விட்டால், முப்பது ஆட்டுக்கு மேல் போனதற்கு நிவாரணமும் இல்லை, காப்பீடும் இல்லை.

மாட்டுக் கொட்டகைக்கும் ஒரு சிறு உதவி உண்டு: மேலே சொன்ன 2022-26 அளவின்படி, வீட்டோடு சேர்ந்த கொட்டகை இடிந்தால் 3,000 ரூபாய். முகாமில் கட்டி வைத்த கால்நடைக்குத் தீவனத்துக்கு நாளொன்றுக்குப் பெரியதற்கு 80, சிறியதற்கு 45 ரூபாய் அளவு. இது உங்கள் கைக்கு வருவதில்லை. முகாம் நடத்துவதற்கான கணக்கு. வெள்ளம் வரும் என்று அறிவிப்பு வந்த இரவில் முகாம் எங்கே என்று கேட்கும் உரிமை இதனால் உங்களுக்கு இருக்கிறது.

மனுக் கொடுத்துப் பல வாரங்கள் ஆகியும் பதில் இல்லையென்றால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். முதல் மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். பணம் அனுமதியாகியும் கணக்குக்கு வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் வேறு வேறாக இருப்பது அல்லது பல மாதம் பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியிருப்பது. இதை முன்பே வங்கியில் சரிபார்த்துவிடுங்கள். நடுவில் யாராவது, 'நான் முடித்துத் தருகிறேன், பாதி எனக்கு' என்று வந்தால் அவரிடம் ஆவணம் எதையும் கொடுக்காதீர்கள். இந்த மனுவுக்குக் கட்டணமும் இல்லை, இடையாளும் வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நாளையே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு மனுவில், ஒரு கறவை மாடு சடலம் கிடைத்தது (வில்லை எண், பரிசோதனைச் சான்று இணைப்பு), ஒரு கறவை மாடு அடித்துச் செல்லப்பட்டது (சங்கப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவு, அண்டை வீட்டார் வாக்குமூலம் இணைப்பு), ஒரு கன்று அடித்துச் செல்லப்பட்டது (ஈன்ற தேதி, சினை ஊசிச் சீட்டு இணைப்பு) என்று மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். அனுமதியானால், மேலே சொன்ன அளவின்படி இரண்டு மாட்டுக்கு 75,000, கன்றுக்கு 20,000 என்பது கணக்கு. ஒன்றுக்கு ஐயம் வந்தால் மற்றவை நிற்கக்கூடாது என்பதற்காகவே இப்படிப் பிரித்து எழுதச் சொல்கிறேன். ஆந்திர மனுவில் ஏழு ஆடுகளையும் எழுதி, கிடைத்த நான்கு, கிடைக்காத மூன்று என்று உண்மையைப் பிரித்துக் காட்டுங்கள்; மைத்துனரை உடன் அழைத்துப் போங்கள். ஒன்றிய அளவின்படி பார்த்தாலும் ஏழுக்கு 28,000 ரூபாய். கிடைத்த நான்கு ஆடுகளையும் மைத்துனர் ஏற்கெனவே புதைத்துவிட்டிருந்தால், புதைத்த இடத்தைக் காட்டவும், உடனிருந்தவர்களின் பெயர்களைச் சொல்லவும் அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். மாட்டின் பரிசோதனைச் சான்றில் உங்கள் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று, மருந்தகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தி, மருத்துவரின் சுருக்கொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.